வளவில் ஏறும் ஓதம்: செட்டிநாட்டுப் பழைய வீடுகளைப் புதுப்பிக்கும்போது சிமென்ட் ஏன் தோற்கிறது?

செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி இப்போது இரண்டு வகைச் செய்திகள் வருகின்றன. ஒன்றில், பூட்டிக் கிடந்த வீடு விருந்தினர் விடுதியாகி, ஆத்தங்குடித் தரை பளபளக்க, வளவை (நடுமுற்றத்தை)ச் சுற்றி வாழையிலை விருந்து நடக்கிறது. இன்னொன்றில், அதே போன்ற ஒரு வீடு இடிபட்டு, தூணும் கதவு நிலையும் லாரியில் ஏறுகின்றன. செய்தியாகாத மூன்றாவது வகையும் ஒன்று உண்டு. பங்காளிகள் சேர்ந்து பணம் போட்டு, பழைய பூச்சைக் கொத்தி எடுத்து, சிமென்ட் பூசி, எமல்ஷன் அடித்து, கல்யாணத்தையும் நடத்தி முடித்திருப்பார்கள். இரண்டு ஐப்பசி போனதும் சுவரின் அடிப்பாகம் பொரிந்து கொட்டத் தொடங்கும். கொத்தனார் சரியில்லை, பெயின்ட் போலி, மணலில் உப்பு என்று காரணம் தேடுவார்கள். பெரும்பாலும் கொத்தனார் மீது குற்றமில்லை. அந்தச் சுவருக்கு அந்தப் பூச்சு ஆகாது. ஏன் ஆகாது, அப்படியானால் எதைச் செய்யலாம், எந்த வரிசையில் செய்யலாம் என்பதை அடியிலிருந்து பார்க்கலாம்.

முதலில் பெயர்கள்

செட்டிநாடு என்பது அரசு வரைபடத்தில் எல்லை போட்டுக் காட்டாத நாடு. காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர், கொத்தமங்கலம், ஆத்தங்குடி என்று சிவகங்கை மாவட்டத்திலும், ராயவரம், கடியாபட்டி, அரிமளம் என்று புதுக்கோட்டை மாவட்டத்திலும் சிதறிக் கிடக்கும் நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர்களுக்கான பொதுப்பெயர் அது. 96 ஊர்கள் என்பது பழைய கணக்கு. இன்று 70-க்குச் சற்று மேல்.

பெரிய வீடுகள் ஏறத்தாழ 19-ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து 1940-கள் வரை கட்டப்பட்டவை. பர்மா, இலங்கை, மலேயாவில் கொடுக்கல் வாங்கலில் ஈட்டிய பணம் தேக்காகவும் இத்தாலியப் பளிங்காகவும் பெல்ஜியம் கண்ணாடியாகவும் ஜப்பான் ஓடாகவும் இந்தப் பொட்டல் வெளிக்கு வந்து சேர்ந்தது. 1942-இல் ஜப்பான் படை பர்மாவைப் பிடித்தது. விடுதலைக்குப் பின் அந்நாட்டு அரசு நிலங்களைத் தேசியமயமாக்கியது. வரவு நின்றது, வீடு நின்றபடி இருந்தது. இன்றைய சிக்கலின் பொருளாதார வேர் இந்த ஒரு வரியில் அடங்கிவிடும்.

வீட்டின் அமைப்பு ஒரு நேர்கோடு. தெருவிலிருந்து திண்ணையும் முகப்பும். முகப்பைத் தாண்டினால் வானம் தெரியும் வளவு. வளவின் இரு பக்கமும் தூண் வரிசை வைத்த தாழ்வாரம். தாழ்வாரத்தை ஒட்டி, மணமான ஒவ்வொரு மகனுக்கும் ஒன்றாக, உள்ளும் வெளியுமாய் இரட்டை அறைகள். இந்த அறையைத்தான் அங்கே ‘வீடு’ என்பார்கள். அதன் பின்னால் இரண்டாங்கட்டு, அடுப்படி, கிணறு, பின்வாசல். பல வீடுகளில் முன்வாசல் ஒரு தெருவிலும் பின்வாசல் அடுத்த தெருவிலும் இருக்கும். முன்வாசலில் நின்றால் பின்வாசல் வெளிச்சம் தெரியும். அழகுக்காக மட்டும் அப்படி வைக்கவில்லை. காற்று அந்தக் கோட்டில்தான் போகிறது.

காரை என்பது உயிருள்ள பொருள்

சுண்ணாம்புக் கல்லையோ கிளிஞ்சலையோ காளவாயில் சுட்டால் அதிலுள்ள கரியமில வாயு வெளியேறிவிடும். மிஞ்சிய சுட்ட சுண்ணாம்பில் தண்ணீர் ஊற்றினால் கொதித்து நீறும். நீற்றிய சுண்ணாம்பை மணலோடு அரைத்தால் காரை. அதைச் சுவரில் பூசினால், அது காற்றிலிருந்து கரியமில வாயுவை மெல்ல மெல்லத் திரும்ப இழுத்துக்கொண்டு மறுபடியும் கல்லாகிறது. கல்லில் தொடங்கிக் கல்லில் முடியும் இந்தச் சுற்றுக்கு அவசரம் தெரியாது. மேல்தோல் சில வாரங்களில் இறுகும். உட்பகுதி இறுக மாதக்கணக்காகும். தடித்த சுவரின் நடுவில் அந்த வேலை ஆண்டுக்கணக்கில் நடந்துகொண்டிருக்கும். (காரைக்குடிக்குப் பெயர் வந்தது காரைச் செடியிலிருந்து என்பார்கள். சுண்ணாம்புக் காரையிலிருந்து வந்திருந்தாலும் பொருத்தமாகத்தான் இருந்திருக்கும்.)

செட்டிநாட்டுப் பூச்சு இந்தக் காரையின் உச்சநிலை. நீற்றிய சுண்ணாம்பைக் குழியில் வாரக்கணக்கில் ஊறவைப்பார்கள். கடுக்காயையும் கருப்பட்டியையும் ஊறப்போட்ட நீரை அரைவையில் சேர்ப்பார்கள். முதலில் கரடான ஒரு பூச்சு, அதன்மேல் மணல் சலித்த இன்னொன்று, அதன்மேல் மாவாக அரைத்த சுண்ணாம்பு என்று அடுக்கிக்கொண்டே போய், கடைசி மெல்லிய அடுக்கில் முட்டையின் வெள்ளைக்கருவைக் கலந்து, வழவழப்பான கல்லால் தேய்த்து மெருகேற்றுவார்கள். தேய்த்த சுவரில் எதிரில் நிற்கும் தூணின் நிழல் விழும். கை வைத்தால் சித்திரையிலும் குளிரும்.

முட்டைதான் ரகசியம் என்று எல்லாரும் சொல்கிறார்கள். சுற்றுலா வழிகாட்டிகளுக்கு அது வசதியான கதை. முட்டை மேல்தோலுக்கு மட்டுந்தான். ரகசியம் என்று ஒன்று இருந்தால் அது நாள்தான்: ஊறிய சுண்ணாம்பு, மெல்லிய அடுக்குகள், ஓர் அடுக்கு இறுகிய பிறகே அடுத்தது, ஈரச் சாக்குத் தொங்கவிட்டு மெதுவாகக் காயவிடுவது. முட்டையை வாங்கிவிடலாம். அந்த நாள்களைக் கொடுக்கத்தான் இன்று யாரும் தயாராக இல்லை.

சுவரின் வேலையைப் புரிந்துகொள்ள இங்கே ஒன்று போதும். காரையில் கண்ணுக்குத் தெரியாத துளைகள் ஏராளம். மழைக்காலத்தில் சுவர் ஈரத்தைக் கொஞ்சம் உள்ளே வாங்கும். தையில் வெயில் ஏறியதும் ஆவியாக வெளியே விட்டுவிடும். பழைய வீடுகளில் அடித்தளத்துக்கு மேல் ஈரத்தடுப்பு என்று தனியாக ஒன்றும் கிடையாது. நிலத்து ஈரம் செங்கல் வழியே கொஞ்சம் ஏறத்தான் செய்யும். ஏறியது வெளியேற வழி இருந்ததால் 100 ஆண்டு ஒன்றும் ஆகவில்லை.

சிமென்ட் அங்கே என்ன செய்கிறது?

சிமென்ட் கெட்ட பொருள் அன்று. அது வேறு வகை வீட்டுக்கான பொருள். காரைச் சுவரில் அதைப் பூசும்போது வரிசையாக இவை நடக்கின்றன:

1. சிமென்ட் பூச்சில் நீராவி போகும் வழி மிகக் குறுகல். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் வழக்கமான இடத்தில் வெளியேற முடியாமல் இன்னும் மேலே ஏறுகிறது. முன்பு முழங்கால் உயரத்தில் நின்ற ஓதம் (சுவர் ஈரம்) இடுப்புக்கு வருவது இதனால்தான். ‘பூசின பிறகு அதிகமாகிவிட்டது’ என்று வீட்டுக்காரர் சொல்வது பிரமை அல்ல.

2. ஈரம் தனியாக வருவதில்லை. நிலத்து உப்பைக் கரைத்துக்கொண்டு வருகிறது. காயும்போது உப்பு படிகமாகிறது. படிகம் வளர இடம் கேட்கும். காரையில் அது மேற்பரப்பில் வெள்ளையாகப் பூக்கும், துடைத்துவிடலாம். சிமென்டுக்குப் பின்னால் அகப்பட்டால் பூச்சைத் தள்ளும், செங்கலையும் அரிக்கும்.

3. சிமென்ட் விறைப்பு, பழைய செங்கலும் காரையும் மென்மை. பகல் வெயிலுக்கும் இரவுக் குளிர்ச்சிக்கும் சுவர் மிக நுட்பமாக விரிந்து சுருங்கும்போது, காரை கூடவே அசைந்து கொடுக்கும். சிமென்ட் பிடிவாதமாக நின்று விரிசல் விடும். காரையில் விழும் மயிரிழை விரிசலில் மழைநீர் சுண்ணாம்பைக் கரைத்துக் கொண்டுவந்து தானே அடைத்துவிடுவதும் உண்டு. சிமென்டில் விழுந்த விரிசலோ தண்ணீர் உள்ளே போகும் வாசலாகிவிடும். உள்ளே போனது திரும்பி வராது.

4. அதன்மேல் பிளாஸ்டிக் தன்மையுள்ள எமல்ஷன் அடித்தால், மிச்சமிருந்த வழியும் மூடிக்கொள்ளும்.

பொரிந்த இடத்திலிருந்து ஒரு சில்லைப் பெயர்த்துப் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். முன்பக்கம் சந்தன நிற எமல்ஷன் புதுசாகவே இருக்கும். நடுவில் விரற்கடைக்குக் குறைவான சாம்பல் சிமென்ட், தட்டினால் கணீரென்னும். பின்பக்கத்தில் பஞ்சு ஒட்டினாற்போல் வெள்ளைப் பொடி. நாக்கில் தொட்டால் கரிக்கும். சில்லு இருந்த இடத்தில் விரலை வைத்தால் செங்கல் மாவாக உதிரும். பூச்சு உறுதியாகத்தான் இருக்கிறது. அது பிடித்துக்கொண்டிருந்த சுவர்தான் கரைந்துவிட்டது.

கொத்தனார் இதற்கு வழக்கமாகச் சொல்லும் தீர்வு, இன்னும் கெட்டியான கலவை, அதில் நீர்புகாத ரசாயனம். பூட்டிய கதவுக்கு இன்னொரு பூட்டு.

ஓதம் எங்கிருந்து வருகிறது?

சுவரைத் தொடுவதற்கு முன் இதைக் கண்டுபிடிக்க வேண்டும். ஒரு மழைக்காலம் முழுவதும் வீட்டைப் பார்த்துவிட்டு வேலையைத் தொடங்குவதுதான் நல்லது. பணம் கையில் இருப்பவர்களுக்கு இந்த யோசனை பிடிப்பதில்லை. ஈரத்தின் உயரமே பாதி விடை சொல்லிவிடும்:

1. தரையிலிருந்து சுமார் 3 அடிக்குள், சுவர் நெடுக ஒரே மட்டமாக இருந்தால் நிலத்து ஈரம். வளவின் வடிகால் அடைத்திருக்கிறதா, வீட்டைச் சுற்றிச் சிமென்ட் தளம் போட்டு மண்ணை மூடியிருக்கிறார்களா, ஒவ்வொரு முறையும் மேலே மேலே போட்ட தார்ச்சாலை தெருவை உயர்த்திவிட்டதா என்று பாருங்கள்.

2. மேலிருந்து நாக்குப் போல இறங்கினால் கூரை. அநேகமாகக் கூடல்வாய், அதாவது இரண்டு கூரைச் சரிவுகள் சந்திக்கும் மூலை.

3. நடுச்சுவரில் திட்டாக இருந்தால் பிற்காலத்தில் பதித்த குழாய், அல்லது அடுத்த பக்கத்தில் புதிதாகக் கட்டிய குளியலறை.

மூன்றுக்கும் மருந்து வேறு வேறு. மூன்றிலும் பூச்சு கடைசி வேலை. காரணத்தை அடைத்த பிறகு சிமென்டைக் கொத்தி எடுத்து, செங்கல் ஒரு கோடை முழுவதும் காயட்டும் என்று வெறுமையாக விட்டு, உப்புப் பூக்கப் பூக்கத் துடைப்பத்தால் தட்டியெடுத்த பின் காரை பூச வேண்டும். வீடு ஆறு மாதம் பார்க்கச் சகிக்காது. கல்யாண நாள் குறித்துவிட்டு வேலை தொடங்குகிறவர்களால் இதைச் செய்ய முடியாது.

பூச்சுக்கு ஏற்ற பருவம் தையும் மாசியும். அக்கினி நட்சத்திரத்தில் காரை வெந்து வெடிக்கும். ஐப்பசியில் காயாது. கூரை வேலையைப் பங்குனியில் தொடங்கி ஆடிக்குள் முடித்துவிட்டால், வடகிழக்குப் பருவமழை வரும்போது பயமிருக்காது.

கூரையும் வளவும்

வளவுக்குள் நாலு பக்கக் கூரையும் சரிகின்றன. இரண்டு சரிவுகள் சந்திக்கும் மூலைக்குக் கூடல்வாய் என்று பெயர். நாலு கூடல்வாய்களிலும் கூரைத் தண்ணீர் முழுவதும் கூடித் தகரக் குழல்களில் இறங்கி, வளவின் மூலைகளில் கொட்டும். மழை பிடித்ததும் அண்டாவைக் கொண்டுபோய் அந்தக் குழலின் கீழ் வைத்துவிடுவார்கள் ஆச்சிமார். மிச்சத் தண்ணீர் வளவின் தரைச்சரிவில் ஓடி, கல் மூடிய வடிகாலில் இறங்கித் தெருவுக்குப் போகும். பல ஊர்களில் அங்கிருந்து வாய்க்கால் வழியே ஊருணிக்குப் போகும். வீட்டுக் கூரையும் ஊரின் குடிநீரும் ஒரே ஏற்பாட்டின் இரண்டு நுனிகள்.

ஓட்டில் ஒன்று நகர்ந்தால், கீழே இருக்கும் கைமரம் நனையும். நனைந்த மரத்துக்குக் கரையான் வரும். பர்மா தேக்கு நெடுநாள் தாக்குப்பிடிக்கும், ஆனால் கூரை முழுவதும் தேக்கு என்று நினைக்க வேண்டாம். முகப்பிலும் வளவிலும் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் தேக்கு. பின்கட்டுக்குப் போனால் பனங்கையும் நாட்டு மரமும். முதலில் விழுவது பின்கட்டு என்பதற்கு இதுவும் ஒரு காரணம். யாரும் அந்தப் பக்கம் போவதில்லை என்பது இன்னொன்று.

மாடித் தளம் பெரும்பாலும் ‘மெட்ராஸ் டெரஸ்’ என்று பொறியாளர்கள் சொல்லும் வகை. மர உத்திரங்களின் மேல் சிறிய மெல்லிய செங்கற்களைக் குத்தவைத்துச் சாய்வாக அடுக்கி, சுண்ணாம்பில் பிடித்து, அதன்மேல் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு நாள்கணக்கில் தட்டி இறுக்கி, மேலே தட்டோடு பதித்திருப்பார்கள். ஒழுகுகிறது என்று இதன்மேல் 3 அங்குலக் கான்கிரீட் போடுவது அடிக்கடி நடக்கும் தவறு. பாரம் கூடுகிறது, உத்திரம் தொய்கிறது, ஒழுகல் மட்டும் இடம் மாறுகிறது. பழுதான தட்டோட்டை மட்டும் எடுத்துச் சுண்ணாம்பில் மறுபடி பதித்து, சரிவையும் தண்ணீர் வெளியேறும் தூம்புவாயையும் சரிசெய்வது செலவும் குறைவு, பாரமும் குறைவு.

வளவின் வாயைக் கண்ணாடியாலோ பாலிகார்பனேட் தகட்டாலோ மூடிவிட வேண்டும் என்ற ஆசை பலருக்கும் வருகிறது. குரங்கு, திருடர், தூசி என்று நியாயமான காரணங்களும் இருக்கின்றன. வளவு வீட்டின் புகைபோக்கி. சூடேறிய காற்று மேலே போக, தாழ்வார நிழலில் குளிர்ந்த காற்று அந்த இடத்துக்கு வருகிறது. மூடினால் அது கொதிகலன். கம்பி வலை போதும். மழைக்கும் வலை தடையில்லை, காற்றுக்கும் தடையில்லை.

தரை: சிமென்ட் ஜெயித்த இடம்

சிமென்டை இவ்வளவு ஏசிய பிறகு ஓர் உண்மையைச் சொல்லாமல் இருக்க முடியாது. செட்டிநாட்டின் மிகப் புகழ்பெற்ற கைவினைப் பொருள் சிமென்டால் ஆனது. ஆத்தங்குடிக் கல் என்னும் அந்தத் தரை ஓடு சூளையில் சுடாதது. அது கண்ணாடியில் பிறக்கிறது.

சதுரக் கண்ணாடித் தகட்டை இரும்புச் சட்டத்துக்குள் வைத்து, அதன்மேல் பூவோ கொடியோ வெட்டிய உலோக அச்சை இறக்குகிறார்கள். சிமென்டும் நிறப்பொடியும் கலந்த குழம்பு கிண்ணங்களில் நிறத்துக்கொன்றாகத் தயாராக இருக்கும். சிறு கரண்டியால் ஒவ்வோர் அறையிலும் அதற்குரிய நிறத்தை ஊற்றி நிரப்புவார் தொழிலாளி. இதழுக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை, வெளிக்கு மஞ்சள். சட்டத்தை லேசாக ஆட்டி, அச்சை நேராக மேலே தூக்குவார். கை ஒரு நூல் சாய்ந்தால் சிவப்பு பச்சைக்குள் போய்விடும். பிறகு உலர்ந்த மணலும் சிமென்டும் தூவி ஈரத்தை உறிஞ்சவைத்து, முதுகுப் பக்கத்துக்கு ஈரக் கலவை போட்டு மட்டம் தட்டி, கண்ணாடியோடு காயவைத்து, தொட்டியில் நாள்கணக்கில் ஊறப்போடுவார்கள். எடுக்கும்போது கண்ணாடி தனியே வந்துவிடும். கல்லின் பளபளப்பு அந்தக் கண்ணாடி விட்டுப்போன தடம்.

எந்த இரண்டு கல்லும் அச்சில் வார்த்தது போல் ஒன்றாக இராது, அச்சில் வார்த்ததாக இருந்தும். அதே பூவை இயந்திரத்தில் அச்சடித்த பீங்கான் டைல்களும் இன்று விற்கின்றன. முனையைப் பாருங்கள்: ஆத்தங்குடிக் கல்லில் நிறம் ஓர் அடுக்காகக் கனத்து இறங்கியிருக்கும், அச்சடித்ததில் தோல் மட்டும் இருக்கும்.

சிமென்ட் என்பதால் இதற்கு எதிரி அமிலம். குளியலறைக் கறை போக்கும் ஆசிட்டை ஊற்றித் தேய்த்தால் ஒரே நாளில் மெருகு போய்விடும். தண்ணீர்த் துடைப்பு, எப்போதாவது தேங்காய் எண்ணெய் தொட்ட துணி, அவ்வளவு போதும். நடக்க நடக்க மெருகு ஏறும். பூட்டிய வீட்டில் மங்குவது அதனால்தான்.

பழைய தரையில் 10 கல் உடைந்திருந்தால் அந்தப் பத்தை மட்டும் மாற்றுங்கள். புதுக்கல் சில ஆண்டுகள் பளிச்சென்று தனித்துத் தெரியும். தெரிந்துவிட்டுப் போகட்டும்.

மரம், நிலை, அலங்காரம்

அலங்காரம் என்று வரும்போது பலர் முதலில் போவது காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருவுக்கு. பழம்பொருள் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. கஜலட்சுமி செதுக்கிய நிலை, தூண், எனாமல் பாத்திரம், மங்கிய கண்ணாடிக்குள் சரசுவதி படம். இவற்றில் கணிசமானவை இடித்த வீடுகளிலிருந்து வந்தவை. ஒரு வீட்டை அலங்கரிக்க இன்னொரு வீடு கலைந்திருக்கிறது என்ற நினைப்போடு வாங்கினால், தேவைக்கு மேல் வாங்கத் தோன்றாது. வீட்டுப் பெட்டக அறையில் ஏற்கெனவே இருப்பதை இறக்கித் துடைத்தாலே பாதி முகப்பு நிறைந்துவிடும்.

தேக்குத் தூணுக்குக் கறுப்பு எனாமல் அடித்திருந்தால், தேய்ப்பு இயந்திரம் வைத்துச் சுரண்ட வேண்டாம். செதுக்கின் கூர்மை போய்விடும். ஆசாரி கையால் மெதுவாக எடுத்து எண்ணெய் ஏற்றட்டும். சுதைச் சிற்பங்களில் லட்சுமிக்குப் பக்கத்தில் தொப்பி போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய் நின்றாலும் அவரையும் அங்கேயே விடுங்கள். அவரும் அந்தக் குடும்பத்தின் வரலாற்றில் பங்குள்ளவர்தான்.

புதிய வசதிகள்

வசதி கூடாது என்று யாரும் சொல்லவில்லை. இடம்தான் முக்கியம்.

1. கழிப்பறை, குளியலறையைப் பின்கட்டில் அல்லது வெளிச்சுவரை ஒட்டி வையுங்கள். இரட்டை அறையின் உள்ளறையைக் குளியலறை ஆக்கினால், சன்னல் குறைந்த அந்த இடத்தில் ஈரம் நிரந்தரமாகத் தங்கும்.

2. மின்கம்பிக்காகக் காரைச் சுவரை வெட்டாதீர்கள். மரச்சட்டத்துக்குள் வெளியே ஓடவிடலாம். அந்தக் காலத்திலும் அப்படித்தான் ஓடியது.

3. குளிர்சாதனம் வைக்கும் அறையில், அதிலிருந்து சொட்டும் தண்ணீர் எங்கே போகிறது என்று பாருங்கள். பல புது ஓதங்களுக்குக் காரணம் ஒரு சின்னக் குழாய்.

பட்டியலில் இருந்தால் பாதுகாப்பு உண்டா?

2014-இல் செட்டிநாட்டின் ஊர்த்தொகுதிகள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியத்துக்கான உத்தேசப் பட்டியலில் சேர்ந்தன. ‘செட்டிநாடு யுனெஸ்கோ சின்னம் ஆகிவிட்டது, இனி யாரும் கை வைக்க முடியாது’ என்று சிலர் நினைக்கிறார்கள். அது தவறு. உத்தேசப் பட்டியல் என்பது, ‘இந்த இடத்தைப் பிற்காலத்தில் பரிந்துரைக்கக் கூடும்’ என்று ஒரு நாடு தரும் முன்னறிவிப்பு. அதனால் எந்த வீட்டுக்காரருக்கும் தடை வருவதில்லை, மானியமும் வருவதில்லை. முழுப் பட்டியலில் ஏறினாலும் காப்பது உள்நாட்டுச் சட்டமே. இந்த வீடுகளில் பெரும்பாலானவை தனியார் குடும்பச் சொத்து.

அதிகம் பேசப்படாத வேறொரு சட்டம் நேரடியாகப் பொருந்தும். 1972-ஆம் ஆண்டின் தொல்பொருள், கலைச் செல்வங்கள் சட்டப்படி, 100 ஆண்டுக்குக் குறையாத கலைப்பொருள்கள் தொல்பொருளாகும். கட்டடத்திலிருந்து பிரித்தெடுத்த பொருளும் அந்த வரையறைக்குள் வருகிறது. அவற்றைத் தனியார் வெளிநாட்டுக்கு அனுப்பக் கூடாது. உள்நாட்டில் வியாபாரமாக விற்கவும் உரிமம் வேண்டும். 1920-களில் வைத்த நிலைகள் இப்போது ஒவ்வொன்றாக இந்த வயதைத் தாண்டிக்கொண்டிருக்கின்றன. ‘பழைய மரம்தானே’ என்று விலை பேசுகிறவரிடம் விற்குமுன் வீட்டின் வயதைக் கணக்குப் பார்த்துக்கொள்வது நல்லது.

யாருடைய கையெழுத்து?

பல வீடுகள் விழுவது சுண்ணாம்புப் பஞ்சத்தால் அல்ல, கையெழுத்துப் பஞ்சத்தால். கட்டியவரின் மகன்களுக்குச் சமபங்கு, அவர்கள் மகன்களுக்கு அதில் பங்கு என்று இறங்கி, ஒரு வீட்டுக்கு 30, 40 பங்காளிகள் இருப்பது இயல்பு. ஒருவர் சென்னையில், ஒருவர் சிங்கப்பூரில். அறைச் சாவி தனித்தனி. முகப்பும் வளவும் சாமி அறையும் எல்லாருக்கும் பொது. முன்னோர் வழிபாடான படைப்புக்கும் கல்யாணத்துக்கும் எல்லாரும் அங்கேதான் கூட வேண்டும் என்ற வழக்கமே இவ்வளவு காலம் கதவைத் திறந்து வைத்திருக்கிறது.

சட்டம் இங்கே சில இடங்களில் மாறியிருக்கிறது:

1. இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் மகள்களுக்கும் கூட்டுக் குடும்பச் சொத்தில் பிறப்புரிமை தந்தது. குடியிருக்கும் வீட்டை ஆண் வாரிசுகள் பிரிக்க முடிவெடுக்கும்வரை பெண்கள் பாகம் கேட்க முடியாது என்றிருந்த 23-ஆம் பிரிவும் அப்போது நீக்கப்பட்டது. திருத்தம் வந்த நாளில் தந்தை உயிரோடு இருந்திருக்க வேண்டியதில்லை என்று 2020-இல் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கியது. ஆண்களின் கையெழுத்தை மட்டும் வாங்கிக்கொண்டு வீட்டை விற்பதும் நீண்ட குத்தகைக்கு விடுவதும் இன்று ஆபத்து.

2. பங்காளி ஒருவர் தன் பிரிபடாத பங்கை வெளியாருக்கு விற்றால், வாங்கியவர் நேராக வந்து வளவில் குடியேற முடியாது. சொத்து மாற்றுச் சட்டத்தின் 44-ஆம் பிரிவு அதைத் தடுக்கிறது. அவர் பாகம் கேட்டு வழக்குப் போட்டால், குடும்பத்தவர் நீதிமன்றம் நிர்ணயிக்கும் விலைக்கு அந்தப் பங்கைத் தாமே வாங்கிக்கொள்ள 1893-ஆம் ஆண்டின் பாகப்பிரிவினைச் சட்டம் இடம் தருகிறது.

ஆனால் நடைமுறையில் சண்டை இவ்வளவு தூரம் போவதற்கு முன்பே தொடங்கிவிடுகிறது. கிழக்குக் கூடல்வாய் ஒழுகி மூன்றாவது பங்காளியின் அறைச் சுவர் ஊறுகிறது. அந்தக் கூரை யாருடையது? அறைக்கு நேர் மேலே இருப்பதால் அவருடையது என்பார் முதல் பங்காளி. தண்ணீர் எல்லார் கூரையிலிருந்தும் வருகிறது என்பார் மூன்றாமவர். இரண்டும் சரி என்பதால் ஓடு நகர்ந்தபடியே கிடக்கும். வீட்டைப் பிரிப்பது, விற்பது, விடுதியாக்குவது பற்றிய பேச்சை ஒத்திவைத்துவிட்டு, பராமரிப்புக்கு மட்டும் ஒரே பக்கத்தில் ஓர் உடன்படிக்கை எழுதிக்கொண்ட குடும்பங்கள் இந்த இடத்தைத் தாண்டிவிடுகின்றன. கூரை, கூடல்வாய்த் தகரம், வளவு வடிகால் ஆகிய மூன்றும் பொதுச் செலவு, ஆண்டுதோறும் ஆடிக்குள் பார்த்துவிட வேண்டும், ஊரில் இருப்பவர் ஒருவருக்கு அந்தப் பொறுப்பு என்று எழுதிவிட்டால், சுவருக்கு என்ன நிறம் அடிப்பது என்பதை அவரவர் அறையில் அவரவர் இஷ்டத்துக்கு விட்டுவிடலாம். சுண்ணாம்பு அடிப்பதாக இருந்தால் மட்டும்.